சோளக்காட்டின் இரண்டாம் கப்பல்

என் தம்பி ஓர் எழுத்தைத் தவறாக எழுதினான். அதனால் என் அம்மாவின் தலைப்பிள்ளை சோழர் கடற்படையில் சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நான் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் ஜோகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நல்லாத்தான் இருக்கு என்று யாராவது ஒரு சர்க்யூட் பலகையை நீட்டினால், அதை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்க்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். செய்கிற வேலை குணமாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. தம்பி நேர் எதிர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். பாலத்து ஜாமில் நிற்கும்போது தலைக்கவசத்துக்குள் ஒயரை மாட்டிக்கொண்டு காணொலி கேட்பான். கோபுரக் கலசம் இடியை இழுக்கிறது, செம்புத் தண்ணீர் சர்க்கரை நோயை விரட்டுகிறது, பிரமிடைக் கட்டியவன் தமிழன், வெளிநாட்டு விஞ்ஞானிகளே வாயடைத்துப் போனார்கள். எல்லாம் குடும்பப் புலனக் குழுவுக்கு வந்து சேரும். எந்த நாட்டு விஞ்ஞானி, அவர் பேர் என்ன என்று கேட்பேன். பதில் வராது, அடுத்த காணொலி வரும்.

இத்தனைக்கும் இருவரும் ஒரே பெட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ரப்பர்த் தோட்டத்தை விட்டுக் குளுவாங் நகரத்துக்குக் குடிவந்து சில வருடங்களில் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆவணப்படம் போட்டால் தரையில் உட்கார்ந்துவிடுவோம். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குழிக்குள் குந்திக்கொண்டு, ஒரு பானையோட்டைப் பல் தேய்ப்பது மாதிரி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருப்பார். வேறொன்றும் நடக்காது. கடைசியில் நிமிர்ந்து, இது எதற்குப் பயன்பட்டது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்பார். அது மலாயில் கீழே எழுத்தாக ஓடும். அவ்வளவு படித்த மனிதர் தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் புல்லரித்தது. தம்பிக்குக் கோபம். தெரியாத ஆளை எதற்குக் காட்டுகிறார்கள் என்றான்.

அவன் கோபம் நிலையத்துக்காரர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். வருடம் போகப் போக, தெரியவில்லை என்று சொல்லும் ஆளே இல்லாமல் போனார். அவர் இடத்துக்கு முரசும் இடியும் வந்தன. கட்டைக் குரலில் ஒருவர் விளம்பரத்துக்கு முன்னால் கேட்பார்: இதைக் கட்டியவர்கள் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திருக்கக் கூடுமோ? விளம்பரம் முடிந்ததும் அதே கேள்வி. கடைசிவரை பதில் கிடையாது. பொய் சொல்பவனைப் பிடித்துவிடலாம், கேள்வி மட்டும் கேட்கிறவனை என்ன செய்வது? இந்தத் தந்திரத்தை நம் ஆட்களும் சீக்கிரமே கற்றுக்கொண்டு, வேற்றுக் கிரகத்தான் இருந்த நாற்காலியில் சோழனை உட்கார வைத்தார்கள். சோழர் படை கடல் கடந்து இந்தப் பக்கம் வந்தது பொய்யில்லை. அதைப் பற்றிப் பொறுமையாக எழுதப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத்தான் ஆளில்லை.

அப்படி ஒரு தமிழ்த் தொடர், ஜோகூர்க் காட்டில் சோழர் தடம் தேடுவதாகக் கிளம்பியது. நடத்தியவர் முன்பு வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். இப்போது நிறையப் பைகள் வைத்த காக்கி மேல்சட்டை போட்டுக்கொண்டு ஆய்வாளர் ஆகியிருந்தார். உங்கள் ஊரில் பழைய இடம் இருந்தால் எழுதுங்கள் என்று ஒவ்வொரு வாரமும் கேட்டார். தம்பி எழுதினான்.

எங்கள் தோட்டத்துக்கு லாயாங் லாயாங் என்கிற சிற்றூரிலிருந்து உள்ளே போக வேண்டும். அப்போது அது கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஆற்றோரச் சரிவில் தோட்டத்து ஆட்கள் சோளம் போட்டிருந்தார்கள், அதனால் அந்த இடத்துக்குச் சோளக்காடு என்று பேர். அதன் ஓரத்தில்தான் செத்துப்போன பச்சைப் பிள்ளைகளைப் புதைப்பார்கள். அந்த வயதுப் பிள்ளைகளை எரிக்கிற வழக்கம் நமக்கு இல்லை. காட்டுப்பன்றி வந்து கிளறிவிடக் கூடாது என்று ஆற்றிலிருந்து பெரிய கல்லாகப் புரட்டி வந்து மேலே வைப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பிள்ளைகள் அடுத்தடுத்துப் போனதால் கற்களும் வரிசையாக அமைந்துவிட்டன.

அதில் ஒன்று என் அக்காவுடையது. எனக்கு முன்னால் பிறந்தவள். பேர் வைக்க நாள் குறித்திருந்தார்கள், அதற்குள் போய்விட்டாள். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருந்ததால், அம்மாவுக்கு அடையாளம் தெரியட்டும் என்று அப்பா தோட்டத்துத் தச்சரிடம் உளி இரவல் வாங்கிப் போனார். எதை வெட்டுவது? பேர்தான் இல்லையே. எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் போடுகிற பிள்ளையார் சுழியை, அந்த ‘உ’வை மட்டும் வெட்டினார். அதற்குக் கீழே எழுத ஒன்றுமில்லாமல் உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பா போன பிறகும் அம்மா வருடா வருடம் அங்கே போய், அந்தச் சுழியின் மேல் பால் ஊற்றிவிட்டு வருவார். நான்தான் காடி ஓட்டிக்கொண்டு போவேன். வீட்டில் அவர் அந்த இடத்தின் பேரைச் சொன்னதே இல்லை. புள்ளகிட்ட போய்ட்டு வரேன் என்பார், அவ்வளவுதான். முட்டி தேய்ந்து சரிவில் இறங்க முடியாமல் போனபிறகு அதுவும் நின்றது.

தம்பி கைக்குழந்தையாகத் தோட்டத்தை விட்டு வந்தவன். பழைய தோட்டத்து ஆட்கள் கல்யாண வீட்டில் பேசும்போது, சோளக்காட்டில் எழுத்து வெட்டிய கல் ஒன்று இருக்கிறது என்று அவன் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டில் வாழைப்பழம் என்றைக்கும் வாளப்பளம்தான், எங்கள் நாக்குக்குச் சோளமும் ஒன்று சோழனும் ஒன்று. அவன் கேட்டது சோளக்காடு, கைப்பேசியில் தட்டியது சோழக்காடு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவன் கேட்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் மட்டம் தட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும், அந்த அளவுக்கு அவனை நான் பேசி வைத்திருந்தேன்.

ஒளிபரப்பான அன்று ஒட்டுக்கடையில் எல்லாருக்கும் மீ கோரிங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு வந்தான். ஒங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்குக்கா என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தார். திரையில் செம்பனைக்கு மேலே கேமரா பறந்தது. மேல்சட்டைக்காரர் முரசொலிக்கு நடுவே நடந்து வந்து, சோழக்காடு, பெயரே சாட்சி என்றார். நட்சத்திரம் பார்த்துக் கலம் செலுத்தியவர்கள் நட்ட கற்களோ என்றார். பிறகு ஒரு கல்லில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, அப்பா வெட்டிய சுழியில் விரலை வைத்தார். இதை ‘உ’ என்று நினைத்து ஏமாறக் கூடாது, பழைய தமிழ் எண்ணில் இரண்டை இப்படித்தான் எழுதுவார்கள், இது இரண்டாம் கப்பலின் அடையாளமாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். பழைய இரண்டும் ‘உ’ மாதிரிதான் இருக்கும் என்பது உண்மை. இந்த மாதிரி ஆட்களிடம் எப்போதும் ஒரு துண்டு உண்மை இருக்கும்.

மண்வாரி இயந்திரம் வந்து கல்லைத் தூக்கியது. கீழே தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. அந்த ஈர மண்ணில் அவ்வளவு சின்ன எலும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? புதையலை யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள் என்றார் மேல்சட்டைக்காரர்.

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“அது நம்ம புள்ள கல்லு,” என்றார்.

தம்பிக்கு முதலில் புரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாயில் இருந்த மீயை அவன் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, எத்தனையோ வருடமாக அவனுக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. அம்மா அவனைத் திட்டவில்லை. தான் கண்ணை மூடுவதற்குள் அந்தக் கல் இருந்த இடத்துக்கே போய்விட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

தொடர்க்காரர்கள் அந்த வரிசையிலிருந்து எடுத்துப்போன கற்களை எல்லாம் ஜோகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். நானும் தம்பியும் அம்மாவை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் படி ஏற்றினோம். மஞ்சள் விளக்கு, பிளாஸ்டிக் பூ, சுவரில் பாய்மரக் கப்பல் படம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் கற்கள் சிவப்புத் துணி விரித்த மேசைகளில் இருந்தன. அம்மா தேடவே இல்லை, நேராகப் போய்ச் சுழியின் மேல் கை வைத்தார். கீழே அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாம் கப்பல் என்று படித்துச் சொன்னேன். கைப்பையிலிருந்து அட்டைப் பெட்டியில் அடைத்த பாலை எடுத்துத் திறந்து கொஞ்சமாக ஊற்றினார். ஊற்றும்போது சத்தம் வராமல் அழுதார். அங்கே வேலை செய்கிற ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததைக் கவனித்தேன். துணி நனைந்ததைத்தான் படம் எடுக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

மேல்சட்டைக்காரர் வந்தார். மரியாதையான மனிதர்தான், அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சோளத்தை, காய்ச்சலை, பன்றியை, அப்பாவின் உளியை. அவர் முழுவதையும் கேட்டார்.

“ஆதாரம் ஏதும் இருக்கா, மேடம்?” என்றார்.

என்னிடம் என்ன இருந்தது? பிறப்புப் பத்திரம் எடுப்பதற்குள் போன பிள்ளை. படம் இல்லை. அப்பா இல்லை. எலும்பும் இல்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் நான் கேட்ட அதே கேள்வியை ஒரு வடிகட்டி வியாபாரி என்னிடம் கேட்டார். அம்மா இருக்காங்களே என்றேன். இந்த வயதில் ஞாபகம் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்றார் அவர். அம்மாவின் நம்பிக்கையைத் தாங்கள் மதிப்பதாகவும் சொன்னார். நம்பிக்கை என்ற அந்தச் சொல்லுக்காக அவரை அறைய வேண்டும்போல இருந்தது. நான் அறையவில்லை. தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தான் தப்பாக எழுதிவிட்டதாகவும் அது வேறு ‘ள’ என்றும் கெஞ்சினான். பழைய காலத்தில் இரண்டும் மாறி வருவது உண்டு என்று அவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அதன்பிறகு அலைந்தோம். இப்போதைய தோட்ட நிர்வாகத்தின் வரைபடத்தில் அங்கே புதைகுழி எதுவும் குறிக்கப்படவில்லை. காவல் நிலையத்தில் இருந்த மலாய் அதிகாரி அம்மாவை மாக்சிக், அதாவது பெரியம்மா என்று அழைத்துத் தண்ணீர் கொடுத்தார், புகாரை எழுதிக்கொண்டார், இறப்புப் பத்திரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். பழைய தோட்டத்து ஆட்களில் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவருடைய தம்பியும் அந்த வரிசையில்தான் கிடந்தான். எங்களோடு வந்து சாட்சி சொல்வார் என்று போனோம். அவர், விட்டுடுங்களேன், சோழன் கல்லுன்னு நாலு பேரு வந்து பார்க்கிறானுங்க, காட்டுல கெடந்தா யாரு பார்க்கப்போறா என்றார். அவர் பேராசைக்காரர் இல்லை. தோட்டத்தில் செத்தவர்களை யாரும் எந்தக் காலத்திலும் வந்து பார்த்ததில்லை என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவரிடம் சண்டை போட என்னால் முடியவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடரின் அடுத்த பகுதி வந்தது. நான் பார்க்க வேண்டாம் என்றேன். கல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். தம்பி வாசலோரம் நின்றுகொண்டான். முரசு முழங்கியது. மேல்சட்டைக்காரர், இன்று ஓர் அதிசயம் என்றார். திரையில் அம்மா வந்தார். அட்டைப் பாலைத் திறந்து கல்லின் மேல் ஊற்றினார், அழுதார். அதன்மேல் கட்டைக் குரல் ஓடியது. எங்கோ ஒரு தோட்டத்தில் பிறந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், கடலோடிகளுக்குப் பாலூற்றும் ஆயிரம் ஆண்டு மரபை யாரும் சொல்லித் தராமலேயே செய்கிறார், இது ரத்தத்தில் வந்த நினைவாக இருக்கலாம் அல்லவா என்று அது கேட்டது. பிறகு விளம்பரம் வந்தது.

தம்பி பெட்டியை அணைக்க ஓடினான். அம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சவர்க்காரம், அரிசி, தொலைபேசி என்று வரிசையாக வந்து போயின.

“அன்னிக்கு அட்டைல என்னமோ படிச்சியே, என்னா அது?” என்றார் அம்மா.

இரண்டாம் கப்பல் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை.

அம்மா அதை ஒரு தடவை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“பேரு வைக்காமலே பொதைச்சிட்டோமேன்னு இத்தன வருசமா அழுதேன்,” என்றார். “இப்ப வச்சிட்டாங்க.”