நாங்குநேரியில் பனி

நண்பர்கள் ஏழு பேரும் போய்வந்த இடங்களைப் படத்தோடு எழுதிவைக்க எங்களுக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். செய்து தர பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு பெண் கிடைத்தாள். ஒல்லியான உருவம், கொண்டையில் செருகிய பேனா. திரையில் எந்தப் பட்டனை வைத்தாலும் மூன்று தடவை விரலால் தட்டிப் பார்த்து, "சலேகா" என்று இந்தியில் அதனிடமே சொல்வாள்; சரிப்பட்டு வரும் என்று அர்த்தம்.

வெப்சைட் தயாரானதும் ஆளுக்கொரு பயணத்தை ஏற்றினோம். மறுநாள் அதிலிருந்த வரைபடத்தைத் திறந்தால், மணாலியின் பனி நாங்குநேரியில் கொட்டிக்கிடக்கிறது. கோவா கடல் தென்காசியில் அலையடிக்கிறது. நண்பர்கள் குரூப்பில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

அவளிடம் ஓடினேன். படம் ஏற்றும் இடத்தில் "எந்த ஊர்?" என்று கேட்டிருந்தாள். எல்லோரும் சொந்த ஊரை எழுதியிருந்தோம், நான் உட்பட.

"எந்த ஊருன்னு கேட்டா பம்பாயில நம்ம ஆளுவ வேற என்னத்தண்ணே எழுதுவாவ? என் தப்புதான்" என்று சிரித்தாள். அதை "எங்கே போனீங்க?" என்று மாற்றி, மூன்று தடவை தட்டினாள். "சலேகா."

"சரி, நீ எந்த ஊரும்மா?"

"வள்ளியூருண்ணே." யோசிக்கவே இல்லை.

"கடைசியா எப்போ போனே?"

"இன்னும் போனதே இல்லண்ணே" என்றாள், அதிலென்ன என்பதுபோல.

இப்போது எல்லாப் படங்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. வள்ளியூரில் மட்டும் படமே இல்லாமல் ஒரு புள்ளி நிற்கிறது. எங்களில் யாருக்கும் அது ஊர் இல்லை. எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று தடவை தட்டிப் பார்த்துத்தான் வைத்திருப்பாள்.