மழைக்குப் புள்ளி இல்லை

காலை பத்து நாற்பதுக்குக் கித்துல்கல தேநீர்க் கடையில் முதலில் கண்ணில் பட்டவை அவருடைய விரல்கள். அவற்றில் காய்ந்திருந்த ரப்பர் பாலை நூல் நூலாக உரித்துக்கொண்டிருந்தார்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண். கனவுக்குள் நடக்கும் சிறிய கைபேசி விளையாட்டொன்றைத் தனியாளாக உருவாக்கியிருந்தார். பத்திரிகைக்காக அதை மதிப்பிட வந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அழகானது. நாயகி ரப்பர் மரங்களுக்கிடையே பூதங்களை விரட்டிப் புள்ளி சேர்க்க வேண்டும். மழை வந்தால் பூதங்கள் தாமாகவே ஓடிவிடும், ஆனால் புள்ளி கிடைக்காது. அதைக் குறையென்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்; அவரிடமும் சொன்னேன்.

"மழை பேஞ்சா பால் வெட்ட முடியாதுங்களே சேர். வேலை இல்லாத நாளைக்கு யாரு பேர் போடுவாங்க?" என்றார். பேர் போடுவதென்றால் அன்றைய வேலையைப் பதிவது.

"இது கனவுதானே?"

"கனவுலயும் கங்காணி வருவாரு சேர்." சிரித்தார். பிறகு உரிப்பதை நிறுத்தினார். "பேப்பர்ல குறைன்னு வந்தா ஒருத்தரும் எறக்கிப் பாக்க மாட்டாங்க. மாத்திரவா?"

"மாத்த வேணாம்" என்று சொல்லி, அவர் முன்னிலையிலேயே அந்த வரியை அடித்து நீக்கினேன்.

விமர்சனம் ஞாயிறன்று வந்தது. அடுத்த வாரம் விளையாட்டை மறுபடி இறக்கிப் பார்த்தேன். மழைக்கு அரைப் புள்ளி கொடுத்திருந்தார்.