பொதுச் சுவரில் ஒரு டொக்

பகலில் புளத்கொகுபிட்டிய டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறேன். கல்யாண வீடுகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். அடுத்த கல்யாணத்துக்கு, கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கிற பாட்டு ஒன்று இருந்தது. ஒத்திகையில் என் மானமே போனது. "மல்லி, ஒரு கம்பிய அடிச்சா மத்த கம்பியெல்லாம் ஏன் அழுவுது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் பேண்ட் மாஸ்டர். தம்பி என்பதற்கு மல்லி என்றே கூப்பிடும் சிங்களவர். திட்டுவது மட்டும் தமிழில்.

அழுகிற கம்பியை அடக்க, இடக்கை விரல்களைக் கம்பிகள் மேல் மெத்தென்று படுக்கவைக்க வேண்டும். சுரம் கிளம்பாது, டொக் என்று மட்டும் கேட்கும். பழகியே ஆக வேண்டும். ஆனால் நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பரா அக்காவின் புருஷன் செத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. கருமாதி முடியும்வரை லயத்தில் யாரும் பாட்டுப் போட மாட்டோம். நான் என்ன பாட்டா போட்டேன்? ஸ்பீக்கரில் செருகக்கூட இல்லையே! இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மத்தியானத்தில் சுவரில் சாய்ந்து பழகினேன்.

பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்துக் காம்பரா அக்கா என் மனைவியிடம் சொன்னாளாம்: "அவரு இன்னும் போகல தங்கச்சி. சுவத்த தட்டுறாரு. சாயத்தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்."

ரப்பர் பால் வெட்டிய மனுஷன், கடைசியில் பேச்சில்லாமல் படுத்துக் கிடந்தார். சாயத்தண்ணி, அதாவது பால் போடாத தேத்தண்ணி, வேண்டுமென்றால் எங்கள் ரெண்டு காம்பராவுக்கும் பொதுவான அந்தச் சுவரைத்தான் தட்டுவார். அடப்பாவி, நான் எவ்வளவு நன்றாக அடக்கினேனோ அவ்வளவு அவர் மாதிரியே தட்டியிருக்கிறேன்!

சொல்லிவிடலாம் என்று போனேன். வாசலோடு திரும்பிவிட்டேன். துக்கத்தில் இருக்கிறவளிடம், "அது அண்ணன் இல்ல, நான்தான்" என்று எந்த மூஞ்சியோடு சொல்வது? கம்பியே சொல்லட்டும் என்று மறுநாள் இடக்கையை எடுத்துவிட்டு அறைந்தேன். எல்லாக் கம்பியும் சேர்ந்து அழுதது. கிட்டார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா வாசலுக்கு வந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்களேன். இந்தச் சத்தத்துல அவரு தட்டுறது கேக்க மாட்டேங்குது."

நிப்பாட்டினேன். அவள் உள்ளே போய்ச் சுவரோரம் டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. காத்திருக்கிறாள். இந்தப் பக்கம் நான் கம்பிகளை அமத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தட்டவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.