பலூன் பிரபஞ்சமும் அம்மா கேட்ட கேள்வியும்

வாய் வலிக்க ஊதின பலூனோட ரப்பர் கசப்பு... இன்னும் நாக்குல இருக்கு.

பதுளையில ஹாஸ்டல்ல இருந்து, யுனிவர்சிட்டிக்கு முந்தின ஏ.எல் படிச்சப்போ, ஸ்கூல்ல சயன்ஸ் எக்ஸிபிஷன். பலூன்ல பேனாவால புள்ளி வச்சு, ஒவ்வொன்னும் ஒரு கேலக்ஸின்னு சொல்லி ஊதிக் காட்டுறது என் வேலை. ஊத ஊத புள்ளியெல்லாம் விலகிப் போகும். பிரபஞ்சமும் இப்படித்தான் விரியுது, அதுவும் வரவர வேகமா விரியுதுன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்.

அன்னைக்கு அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கப் போகாம, கல்யாண வீட்டுக்குக் கட்டுற சேலையில லுணுகலையில பஸ் ஏறி வந்துட்டாங்க.

கொழும்புல ஒரு துணிக்கடையில மாமா எனக்கு வேலை பாத்து வச்சிருந்தாரு. சயன்ஸ் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறாளாம்னு வீட்ல ஒரே பேச்சு. நேர்ல பாத்துட்டு முடிவு சொல்லத்தான் அம்மா வந்தது.

பொறுமையா கேட்டாங்க. கேலக்ஸியெல்லாம் ஒன்னையொன்னு இழுக்கும்னும் சொல்லி முடிச்சேன்.

விடிஞ்சதும் பெரட்டுல எல்லாரும் கூடி, பேர் குடுத்துட்டு, ஆளுக்கொரு மலைக்குப் பிரிஞ்சு போறது தோட்டத்து வழக்கம். அம்மாவுக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கு.

"பெரட்டு கலைஞ்சு மலை ஏறுறப்போ, போகப் போக எங்களுக்குக் கால் தளருது. இந்தப் புள்ளியெல்லாம் ஒன்னையொன்னு பின்னால இழுக்குதுன்னா மெதுவாத்தானே ஆகணும்? எப்படி புள்ள வேகமாகும்?"

டார்க் எனர்ஜின்னு ஒன்னு தள்ளுதும்மான்னேன். பேரு சரி, அது என்னான்னு கேட்டாங்க.

தெரியாதுன்னா படிப்பு போச்சு. பொய் சொல்லவும் மனசு வரல.

"தெரியாதும்மா... உலகத்துல யாருக்குமே இன்னும் தெரியாது."

அம்மா பலூனை வாங்கி, ஒரு புள்ளியை விரலால தடவிப் பாத்தாங்க.

"அப்ப படிக்க வேண்டியது இன்னும் கெடக்கு. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாங்க. நான் தனியா போய் நின்னு அழுதேன்... சந்தோஷத்துல.

இப்ப பண்டாரவளையில பிசிக்ஸ் டீச்சர். அப்ப எங்க தோட்டத்துல இருந்து சயன்ஸ் படிக்கப் போனது நான் ஒருத்திதான். இப்ப என் கிளாஸ்ல தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைங்க நெறைய. டெலஸ்கோப் படமெல்லாம் போன்லயே பாத்துடுறாங்க. தள்ளுற அந்த சக்தி கொறையுதோன்னு கூட இப்ப ஒரு சந்தேகம் கெளம்பியிருக்கு. ஆனா அது என்னன்னு மட்டும் இன்னும் யாருக்கும் தெரியல...

போன வாரம் அதைச் சொன்னப்போ பின் பெஞ்சுல ஒரு பொண்ணு எழும்புனா.

"டீச்சர், நாங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள வேற யாராச்சும் கண்டுபிடிச்சிருவாங்களா?"

அந்த வயசுல நான் பயந்தது துணிக்கடைக்கு. இவளுக்கு இந்தப் பயம்.