அத்தை வீட்டுக்குப் போன ஃபில்டர்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு நாள் காலையில் அப்பா எங்கள் காபி ஃபில்டரையும் பொடி டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய் அத்தை வீட்டில் வைத்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளித்தான் அப்பாவின் அக்கா இருந்தார். அன்று முதல் அப்பாவுக்குக் காலைக் காபி அங்கேதான்.

காபி விஷயத்தில் எங்கள் வீட்டில் ஏகப்பட்ட கெடுபிடி. வாரா வாரம் திருச்சி மெயின்கார்டு கேட் கடைக்குப் போய், கண்ணெதிரே பொடி அரைக்கச் சொல்லி வாங்கி வருவார் அப்பா. ஈரக் கரண்டி டப்பா பக்கமே போகக்கூடாது. வாசனை தப்பிக்காமல் இருக்க மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வேறு. அம்மா போட்ட முதல் டிகாக்‌ஷனைத் தவிர எதையும் காபி என்றே ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர். அப்படிப்பட்டவர் கட்சி மாறினால் எனக்கு எப்படி இருக்கும்?

போதாததற்கு அத்தை பெண். என் வயதுதான், என் வகுப்புதான். ஸ்கூல் வேனில் ஏறியதுமே ஆரம்பித்துவிடுவாள்.

“மாமா இன்னிக்கு ரெண்டு டம்ளர் குடிச்சாங்க. நான்தான் ஆத்திக் குடுத்தேன்.”

எனக்கு வயிறு எரியும். அப்பாவோ அங்கேயே வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வீட்டுக்கு வருவார். சுத்தத் திருட்டுத்தனம் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவிடம் மூட்டிவிட்டுப் பார்த்தேன். சோர்ந்து படுத்திருந்த அம்மா, “அங்கயே குடிக்கட்டும் விடுடி, எனக்கு நிம்மதி” என்றாள். இப்படியும் ஒரு அசட்டு அம்மாவா என்று ஆத்திரம் வந்தது. நானே களத்தில் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை, அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து ஃபில்டரையும் டப்பாவையும் பையில் போட்டு மீட்டு வந்தேன். அடுப்பைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. நல்லவேளை, அம்மாவின் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருந்தது. பொடியைத் தாராளமாகக் கொட்டி, பலம் கொண்ட மட்டும் அழுத்தி, வெந்நீரை ஊற்றினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. கரண்டியால் தட்டினேன், குலுக்கினேன். டிகாக்‌ஷன் வராவிட்டாலும் வாசனை வீடு முழுக்க வந்துவிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

அப்பா பதறிப்போய் ஜன்னல்களையெல்லாம் திறந்தார்.

“யாரு இதை இங்க கொண்டு வந்தது?”

“நான்தான். இனிமே நம்ம வீட்டுலயே குடிங்கப்பா. அவ ஆத்துற காபி உங்களுக்கு வேணாம்.” சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஈர முகத்தோடு சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு சிரித்தது எனக்குப் பொறுக்கவே இல்லை. ஃபில்டர் மறுபடியும் அத்தை வீட்டுக்கே போனது.

அத்தை பெண்ணோடு மாதக்கணக்கில் நான் பேசவில்லை. இருந்த பொறாமையையெல்லாம் அவள் மேலேயே கொட்டித் தீர்த்தேன். அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் அம்மாவின் வயிற்றில் இருந்துகொண்டு, பிறப்பதற்கு முன்பே வீட்டைத் தன் இஷ்டத்துக்கு நடத்திக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.