கறிவேப்பிலைக்கு நான் பார்த்த வைத்தியம்

செடி விற்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: விற்றது நன்றாக வளர்ந்தால் வாங்கியவர் திரும்பி வரவே மாட்டார், செத்தால் மட்டும் சாடியும் கையுமாக வந்து நிற்பார். ஆகவே ஊரைவிட்டு வந்து, பிரெஞ்சு பேசும் ஒரு பனி நகரத்தில், புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு பூக்கன்றுக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் சவங்கள்தான். உங்கள் வீட்டு யன்னலோரத்திலும் ஒரு காய்ந்த குச்சி, எறிய மனம் வராமல், நின்றுகொண்டிருக்கிறதா? வெட்கப்படவேண்டாம், நீங்களும் நம்மவர்தான். ஒரே ஒரு மரத்தை, ஒரே ஒரு பனிக்காலத்துக்கு உயிரோடு வைத்திருக்கும்படி என்னிடம் கொடுத்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அதை வாங்கிக்கொள்ள எனக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை முழுக்கு

ஒரு நாள் நம்முடைய ஊர்ப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். குழந்தை இடுப்பில். குழந்தையின் தள்ளுவண்டியில் ஒரு றப்பர் செடி, பட்டியெல்லாம் போட்டு இருத்தப்பட்டிருந்தது. இலைகள் கண்ணாடி மாதிரி மினுங்கின. ஆனால் பாதி கறுத்து, தொட்டால் கையோடு வந்தன. விரலை மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

விசாரித்தால், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து முழுக வார்க்கும்போது செடிக்கும் இலை இலையாகப் பூசியிருக்கிறாள். அதன் மேல் தூசு ஒட்டி, செடி மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி சவர்க்காரம் விட்டு, ஒவ்வொரு இலையாகத் துடைத்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் புது இலை விட்டது. அன்றைக்குத் தொடங்கியதுதான் "பூக்கன்று டொக்டர்" என்கிற பட்டம். எண்ணெய் ஏன் வைத்தாய் என்று நான் கேட்டதற்கு அவள் கொஞ்சம் மனத்தாங்கலோடு சொன்னாள்: "பிள்ளையளுக்கு வைச்ச அதே எண்ணெய்தான் அண்ணை, நான் ஒண்டும் வித்தியாசம் பாக்கேல்லை."

பிள்ளைகளுக்கு மூத்தது

பட்டம் மாதா கோயில் வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் பிலோமினா அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. அக்கா மன்னார்க்காரி, இல்-பிசாரில் வீடு. வரவேற்பறையில் ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை மரம் வைத்திருந்தார். விதை போட்டு அவரே முளைக்க வைத்தது. அந்தக் கோயில் பங்கில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கறிக்கு இலை அங்கேயிருந்துதான் போகும். யுத்தநிறுத்தம் வந்து ஊருக்குப் பாதை திறந்தது. தாயைப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கக் குடும்பத்தோடு மூன்று மாதம் போக முடிவெடுத்தார். ஹீற்றரைக் குறைத்துப் பூட்டிவிட்டுப் போகும் வீட்டில் மரம் தாங்காது. டொக்டர் எதற்கு இருக்கிறான்?

டிசம்பர் தொடக்கத்தில் மரத்துக்குப் பிள்ளையின் பனிச்சட்டையைப் போட்டு, தலையில் கம்பளித் தொப்பியும் வைத்து, வாகனத்தில் ஏற்றிக் கோட்-டெ-நெய்ஜில் என் அப்பார்ட்மென்ற்றுக்குக் கொண்டுவந்து இறக்கினார். "தம்பி, இது வின்ரரிலை என்ன செய்யுமெண்டால்..." என்று தொடங்கினார். "அக்கா, எனக்கோ சொல்லித் தரப்போறியள்? இதுதானே என்ரை தொழில்" என்று நான் இடைமறித்தேன். அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி, சட்டையின் ஸிப்பைத் திறந்து, இலைகளை ஒருமுறை தடவிவிட்டார். வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "கவனமாப் பார் தம்பி, என்ரை ரெண்டு பிள்ளையளுக்கும் இது மூத்தது."

ஜினெத்தின் யோசனை

தை மாதம் பிறந்தது, இலை மஞ்சளாகத் தொடங்கியது. பிறகு கொட்டத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, தரையில் கிடந்த இலைகளைக் கூட்டி அள்ளுவது. யன்னலோரம் குளிர் என்று ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே காய்கிறது என்று குளியலறைக்கு மாற்றினேன். அங்கே வெளிச்சமில்லை என்று திரும்ப யன்னலுக்கு. கடைக்கு வருகிறவர்களிடம் "பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் போதும், மண்ணைத் தொட்டுப் பாருங்கள்" என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிற நான், வீட்டில் காலையும் மாலையும் ஊற்றினேன். பயந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. உங்களுக்குத் தெரியாததா?

கடையில் என்னோடு வேலை செய்தவர் ஜினெத். அந்தக் கடையில் என்னைவிட இருபது வருஷம் மூத்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர் விடுகிறாய் என்று கேட்டார். கிழமைக்கு ஒருமுறை என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார்: "அதைக் கொஞ்சம் தனியா இருக்க விடு. என் புருஷனை நான் அப்படித்தான் முப்பது வருஷமா வைச்சிருக்கிறேன்."

மீன் கழுவிய தண்ணீர்

விட்டேனா? இல்லை. எதிர் வீட்டில் கனகு அண்ணை என்று ஒருவர். மரத்தைப் பார்க்க வந்தவர், கறிவேப்பிலைக்குப் புளித்த மோரும் மீன் கழுவிய தண்ணீரும் விட்டால் கிடுகிடுவென்று வரும், ஊரில் தங்கள் வீட்டு வளவில் அப்படித்தான் என்றார். வளவு திறந்தவெளியில் இருந்தது, என் வீட்டு யன்னல்களோ குளிருக்கு ஒட்டி அடைக்கப்பட்டிருந்தன என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே சூடை மீன் வாங்கினேன்.

மூன்றாம் நாள் நாற்றம் மாடிப்படி வரைக்கும் இறங்கிவிட்டது. நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மரத்தின் முன்னால் குந்தியிருந்தேன். ஏழு இலை மிச்சம். கதவு தட்டப்பட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், கையில் சாவிக்கொத்தோடு, முகம் வெளிறி நின்றார். எட்டி உள்ளே பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "மன்னிக்கவேணும், உள்ளே யாராவது செத்துக் கிடக்கிறார்களா?"

குப்பை நாள்

மாசி நடுவில் கடைசி இலையும் போனது. பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நின்றபடி கைக்கு எட்டிய நுனிக் கிளையில் சுரண்டினேன். பழுப்பு. இன்னொன்று. அதுவும் பழுப்பு; வளைத்தால் பட்டென்று முறிந்தது. குனிந்து அடிமரத்தைச் சுரண்ட எனக்குத் தோன்றவில்லை. மன்னாருக்கு ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். அதற்கென்று தொலைபேசி அட்டைகூட வாங்கி வைத்திருந்தேன். தாயைப் பார்க்கப் போன மனுஷியின் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இரக்கமில்லை, வெறும் வெட்கம். டொக்டர் அல்லவா?

மூன்று நாள் அந்த மொட்டைக் குச்சியோடு ஒரே அறையில் இருந்தேன். நான்காம் நாள் குப்பை வண்டி வரும் நாள். வாளியோடு கறுப்புப் பையில் சுற்றி, படிகளில் தூக்கி இறக்கி, பனிக்குவியலின் மேல் வைத்தேன். கீழே எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கனகு அண்ணை பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைச்சால் நல்லது தம்பி, வேதக்காரற்றை மரமல்லோ."

தேத்தண்ணி

பங்குனி முதல் கிழமை அக்கா தொலைபேசி எடுத்தார். "வந்திட்டம் தம்பி, சனிக்கிழமை வாவன்" என்றார். மரத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. இல்-பிசாருக்கு பஸ் எப்போதாவதுதான் வரும். அன்றைக்கு அது வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன், கையில் காகிதம் சுற்றிய ஒரு பெகோனியாப் பூச்சாடியோடு. பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது.

அக்கா வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்தவராக இருந்தார். எனக்கென்று கட்டாக் கருவாடு ஒரு பார்சல் கொண்டுவந்திருந்தார். தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கினார். "மரம் மொட்டையாப் போச்சோ? நல்லாப் பயந்திருப்பாய். ஒவ்வொரு வின்ரரும் உதுதான் செய்யிறது. நுனியெல்லாம் காய்ஞ்சு, செத்த மாதிரி நிக்கும். நான் தண்ணியையும் நிப்பாட்டிப்போடுவன். சித்திரை பிறக்க அடியிலையிருந்து குருத்து விடும், பார்."

எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எங்கை எறிஞ்சனி?" என்று, போய் எடுத்துவரலாம் என்கிற மாதிரிக் கேட்டார். குப்பை வண்டி வந்ததைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாளி வைத்திருந்த மூலையை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த ஆறிப்போன தேத்தண்ணியை வாங்கிச் சூடாக்கிக் கொண்டுவந்து தந்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "ஒண்டும் தெரியாத ஒரு ஆளிட்டைக் குடுத்திருந்தால், எறிய முந்தி அந்த ஆள் என்னை ஒருக்கால் கேட்டிருக்கும் தம்பி."

அந்தக் கடையில் ஒன்பது வருஷம் வேலை செய்து நான் படித்ததெல்லாம் இவ்வளவுதான்: வீட்டுச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, எல்லாம் தெரிந்த நம்மைப் போன்றவர்களின் கவனிப்பில் சாவதுதான் அதிகம்.