விரல்களில் ஆடியவள்

புதிதாக நடனம் அமைக்கிறவர்களுக்குத் திருவொற்றியூரின் பழைய கிடங்கு ஒன்றில் தங்கிப் பயிலும் முகாம் நடந்தது. கடைசி நாள் மாலை ஒவ்வொருவரும் தாம் அமைத்ததை அங்கேயே ஆடிக் காட்ட வேண்டும். அங்கே எனக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவள் அவள். ஒல்லியான உடம்பு. வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் போட்ட ஒரே டீ-ஷர்ட்டைத் துவைத்துத் துவைத்துப் போடுவாள்.

நடனத்தை முழுதாக ஆடாமல் கையால் ஓட்டிப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்தான். அவளோ அதை இரண்டு விரல்களுக்குள் சுருக்கிவிடுவாள். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் அந்த விரல்கள் ஓடும், விழும், புரண்டு எழும், யாரோ கூப்பிட்டதுபோல் சட்டென்று நிற்கும். சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

“ஒரு தடவை எந்திரிச்சு ஆடித்தான் காட்டேன்” என்றேன்.

“இன்னாக்கா அவசரம்? இப்பவே ஆடிட்டா கடைசி நாள்ல உனக்குப் புச்சா இன்னா கீது? அன்னிக்கு முன்னாடி குந்திகினு பாரு.”

கடைசி நாள் காலையில் அவளுடைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. உடனே வராவிட்டால் வேலை இல்லை என்றார்கள். “வர்ட்டாக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, பையோடு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து போனாள்.

மாலையில் அவள் முறை வந்தபோது, ஆள் இல்லாமல் அவளுடைய இசையை மட்டும் ஓடவிட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொடைமேல் இரண்டு விரல்கள் அதை முழுக்க ஆடி முடித்தன.

அவள் விழுந்து எழும் இடம் இன்றும் என் விரல்களுக்குத் தெரியும். அந்தக் கிடங்கில் அவள் எவ்வளவு தூரம் ஓடியிருப்பாள் என்பதுதான் தெரியாது.